குண்டின் பெயரில் இருக்கும் எண் வெடிமருந்தின் எடை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் 500 கிலோ ஜெர்மன் குண்டு கிடைத்தது. ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றி, குண்டைத் தெருக்கள் வழியே கடலுக்குக் கொண்டுபோய் வெடிக்கச் செய்தார்கள். இதுபோன்ற செய்திகள் தமிழுக்கு வரும்போது "500 கிலோ வெடிமருந்து" என்று எளிதில் மாறிவிடுகின்றன. உண்மையில் அந்த எடையில் பாதிக்கு மேல் வெறும் இரும்பு. மொழிபெயர்ப்பில் நிகழும் சறுக்கல்தான் என்றாலும், படிப்பவர் மனத்தில் குண்டைப் பற்றிய கணக்கே பிசகிப்போகிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படை வைத்த குண்டுப் பெயர்களில் முதலில் எழுத்து வரும், அடுத்து எண். எண் குறிப்பது முழுக் குண்டின் எடையை. அதுவும் முழு எண்ணாக்கிச் சொன்ன எடை. உள்ளே எவ்வளவு மருந்து இருக்கும் என்பதை எழுத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். எஸ்.சி. என்றால் மெல்லிய ஓடுள்ள உருளைக் குண்டு. ஏறக்குறைய பாதி எடை மருந்து: எஸ்.சி.250-இல் சுமார் 130 கிலோ, எஸ்.சி.500-இல் சுமார் 220 கிலோ. கட்டடங்களைக் காற்றழுத்தத்தால் இடிப்பதே இதன் வேலை. எஸ்.டி. என்றால் தடித்த ஓடு. எஸ்.டி.250-இன் எடை எஸ்.சி.250-ஐ ஒத்ததே, ஆனால் மருந்து சுமார் 80 கிலோதான். மீதி இரும்பு சில்லுகளாகச் சிதறி ஆளையும் வாகனத்தையும் துளைக்கும். பி.சி. கவசம் துளைக்கும் வகை. 'ஃப்ரிட்ஸ்' என்று பெயர் பெற்ற பி.சி.1400-இல் மருந்து கால் பங்குகூட இல்லை. கனத்த எஃகு மூக்கு போர்க்கப்பலின் மேல்தளத்தைப் பிளந்து உள்ளே போனபிறகு வெடித்தால் போதும் என்பது கணக்கு. இதற்கு வானொலிக் கட்டுப்பாடு பொருத்தி உருவாக்கிய ஃப்ரிட்ஸ்-எக்ஸ், 1943 செப்டம்பர் 9 அன்று இத்தாலியின் 'ரோமா' போர்க்கப்பலை மூழ்கடித்தது.

வாலில் தீட்டிய பட்டையும் வகையைக் காட்டும்: எஸ்.சி.க்கு மஞ்சள், எஸ்.டி.க்குச் சிவப்பு, பி.சி.க்கு நீலம். ஆனால் வால் மெல்லிய தகடு. தரையில் மோதும்போதே பிய்ந்துபோகும். எண்பது ஆண்டு மண்ணில் கிடந்தால் சாயமும் இராது. ஆகவே உடலின் விட்டத்தை அளந்து பார்ப்பார்கள். எஸ்.சி.50-க்கு 20 செ.மீ., எஸ்.சி.250-க்கு ஏறத்தாழ 37, எஸ்.சி.500-க்கு 47. சில குண்டுகளின் மூக்கைச் சுற்றி ஒரு தடித்த இரும்பு வளையம் இருக்கும். குண்டு மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்து வெடிப்பின் வேகம் வீணாகாமலிருக்க அதை மாட்டினார்கள்.

குண்டு இன்றும் ஏன் ஆபத்து என்பதற்கு விடை ஃபியூஸில், அதாவது வெடிப்பைத் தொடங்கிவைக்கும் கருவியில் இருக்கிறது. ஜெர்மன் ஃபியூஸ்களில் பெரும்பாலானவை மின்சார வகை. விமானத்திலிருந்து விழும் நொடியில் மின்னேற்றம் பெறும். பக்கவாட்டில் தெரியும் அதன் தலையில் ஒரு வட்டத்துக்குள் எண் பொறித்திருப்பார்கள். 15 என்றால் மோதியதும் வெடிப்பது. 17 என்றால் கடிகாரம். 72 மணி நேரம் வரை தாமதிக்கும். 50 என்றால் அசைத்தால் வெடிப்பது. 250 கிலோ குண்டில் இரண்டு ஃபியூஸ் குழிகள் இருப்பதால் 17-ஐயும் 50-ஐயும் சேர்த்தே பொருத்துவது உண்டு: கடிகாரம் ஓடும்போது யாரும் கிட்டே நெருங்கக் கூடாது என்பதற்காக. போதாக்குறைக்கு 17-இன் அடியில் சூஸ் 40 என்ற பொறி. ஃபியூஸை வெளியே இழுத்தால் அதுவே வெடிக்க வைக்கும். 50-இன் மின்சாரம் எப்போதோ வடிந்திருக்கலாம். ஆனால் மோதிய அதிர்ச்சியில் நின்றுபோன கடிகாரம் ஒரு தட்டலில் மீண்டும் ஓடத் தொடங்கலாம். "பழைய குண்டுதானே, செத்துப்போயிருக்கும்" என்று எழுதுவதற்கு இடமே இல்லை.

பட்டப்பெயர்களும் குழப்புகின்றன. 2021 பிப்ரவரியில் எக்ஸிடர் நகரில் கிடைத்தது 'ஹெர்மன்' ரகக் குண்டு. ஹெர்மன் என்பது அதைச் செய்தவர் பெயர் அல்ல. பருத்த உடலுக்காக, விமானப்படைத் தலைவர் ஹெர்மன் கோரிங்கை நினைத்து எஸ்.சி.1000-க்கு வைத்த பெயர். எஸ்.சி.1800 'சாத்தான்', எஸ்.சி.2500 'மாக்ஸ்'.

ஜெர்மனியில் தோண்டி எடுக்கும் குண்டுகளை "ஜெர்மன் குண்டு" என்று எழுதுவதும் பெரும்பாலும் பிழை. அவை நேச நாடுகள் வீசியவை. 2017 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட்டில் 60,000 பேருக்கு மேல் வெளியேறக் காரணமானது பிரிட்டனின் எச்.சி.4000 என்ற குண்டு. அதில் எண் பவுண்டுக் கணக்கு. எடை சுமார் 1.8 டன், அதில் 1.4 டன் மருந்து. அமெரிக்காவின் 500 பவுண்டு குண்டு 227 கிலோதான். ஜெர்மன் செய்தியில் அது "250 கிலோ குண்டு" ஆகிவிடுவதால், அந்த எண்ணை மட்டும் வைத்து எஸ்.சி.250 என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னும் ஒன்று. லண்டன் குண்டுவீச்சு பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் வரும் 'லேண்ட் மைன்' என்ற சொல்லைக் "கண்ணிவெடி" என்று தமிழாக்கக் கூடாது. யாரும் அதை மண்ணில் புதைக்கவில்லை. கடலில் கப்பலைத் தகர்க்கச் செய்த எல்.எம்.பி. கண்ணியைப் பாராசூட்டில் கட்டி ஊர் மேல் இறக்கினார்கள். சுமார் ஒரு டன் எடையில் ஏறத்தாழ 700 கிலோ மருந்து. தரைக்குள் புதையாமல் மேலேயே வெடித்ததால் தெருவே தரைமட்டமானது. "பாராசூட் கண்ணி" என்றே எழுதலாம்.