இராத்திரிப் பால்

அன்புள்ள கண்ணு,

காசிரங்கா காட்டு விலங்கு மீட்பு மையத்தில், திங்கட்கிழமையிலிருந்து தாயைப் பிரிந்த குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் இராத்திரி முறை உனக்கு என்றாய். அதோடு சிக்னல் போய்விட்டது. "பயமா இருக்கும்மா" என்று நீ சொன்னது மட்டும் காதிலேயே நிற்கிறது. அப்பா இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார்.

நீ மூன்றாவது படிக்கும்போது நெற்றியில் வெள்ளை விழுந்த ஆட்டுக்குட்டி ஒன்று நம்மிடம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை ஈன்ற அன்றே தாய் செத்துப்போனது. நான்தான் புட்டிப்பால் கொடுத்தேன். ஒருநாள் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து "குட்டி எங்கம்மா?" என்று கேட்டாய். அத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். கொடுக்கவில்லை கண்ணு. என் கையால்தான் அது போனது.

பகலெல்லாம் வெங்காயம் பிடுங்கிய அலுப்பு. நடுராத்திரி எழுந்து, சீக்கிரம் முடித்துப் படுக்கலாமென்று குட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் மல்லாத்தினேன். ரப்பர் காம்பின் ஓட்டை வேறு பெரிது. புட்டியை ஒரு அமுக்கு அமுக்கினேன். மூக்கு வழியாகப் பால் வந்தது. விடிவதற்குள் நெஞ்சில் கர் கர் என்று சத்தம். மூன்றாம் நாள் போய்விட்டது. இத்தனை வருஷம் உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை.

நீ கால்நடை மருத்துவம் படித்தவள். பால் நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்கு மேலே உனக்குத் தெரியும். ஆனால் இராத்திரி இரண்டு மணிக்குப் படிப்பு தூங்கிவிடும், கை மட்டும்தான் விழித்திருக்கும். அதனால் கையைப் பழக்கிக்கொள். குட்டி தன் காலிலேயே நிற்கட்டும், நிற்க முடியாவிட்டால் நெஞ்சு தரையில் பட உட்காரட்டும். தாய் மடியை முட்டும்போது கழுத்து எப்படி நீளுமோ, புட்டி அந்த உயரத்தில் இருந்தால் போதும். நீ அமுக்காதே, அதுவாக இழுக்கட்டும். தொண்டையில் விரலை லேசாக வைத்தால் விழுங்குவது தெரியும்.

அதற்கு முன்னால் வாய்க்குள் விரல் விட்டுப் பார். வெள்ளத்தில் நனைந்து வந்த குட்டிக்கு வாய் ஜில்லென்று இருந்தால் பாலே கொடுக்காதே, முதலில் உடம்பு சூடாகட்டும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் வாலடியைத் துடைத்துவிடு. தாய் நக்கிவிட்டால்தான் சின்னக் குட்டி மூத்திரம் போகும். தாய் இல்லாத குட்டிக்கு அந்தத் துணிதான் தாயின் நாக்கு.

பிரம்மபுத்திரா பெருகினால் காசிரங்காவின் விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடந்து கர்பி ஆங்லாங் மேட்டுக்கு ஓடும், அந்த ஓட்டத்தில் தாயும் குட்டியும் பிரிந்துவிடும் என்று நீ சொன்னதிலிருந்து, டிவியில் அசாம் என்றாலே வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறேன். நீ அனுப்பிய பன்றிமான் குட்டியின் போட்டோவை அப்பா பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். பன்றி மாதிரித் தலையைத் தாழ்த்திப் புதருக்குள் ஓடுவதால் அந்தப் பேராம், அவர்தான் படித்துச் சொன்னார். காண்டாமிருகப் பாலில் கொழுப்பு மிகக் குறைவு என்று நீ சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். பிறக்கும்போதே அவ்வளவு கனமாக இருக்கிற கன்று தண்ணிப் பாலிலா வளர்கிறது! நம் எருமைப்பாலைக் கொடுத்தால் அதற்கு வயிறு என்னாவது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். குட்டிகளுக்குப் பேர் வைக்கக்கூடாது, கொஞ்சக்கூடாது என்று மையத்தில் சொல்கிறார்கள் என வருத்தப்பட்டாய். அவர்கள் சொல்வதுதான் சரி. நான் வளர்த்த குட்டிகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் வந்தன. ஆட்டுக்கு அதனால் ஒன்றுமில்லை, பட்டியில்தானே கிடக்கப்போகிறது. மான் அப்படி மனுஷரைத் தேடி ஊருக்குள் வந்தால் முதல் தெருநாயே கடித்துவிடும். உங்கள் மையம் தொடங்கியது 2002-இல், அங்கே வளர்ந்த முதல் காண்டாமிருகக் கன்று மானஸ் காட்டுக்குப் போனது 2006-இல் என்றாயே. அதற்குப் பால் கொடுத்தவருக்கும் ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? பால் கொடு, துடைத்துவிடு, பேசாமல் எழுந்து வந்துவிடு. கஷ்டம்தான், எனக்குத் தெரியும்.

அப்புறம், அப்பாவின் பழைய வேட்டி இரண்டைத் துண்டு போட்டு வெந்நீரில் அலசிக் காயவைத்திருக்கிறேன். நன்றாக மெத்தென்று இருக்கிறது. துடைக்க ஆகுமா என்று அங்கே கேட்டுச் சொல், பார்சலில் போடுகிறேன்.

அம்மா