படத்தோடு விஷயத்தையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படம் ஒன்று வந்தால் போதும், நாளிதழ்கள் எல்லாம் அதை வண்ணத்தில் பெரிதாகப் போட்டு, கீழே 'நட்சத்திரம் பிறக்கும் அற்புதக் காட்சி' என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கின்றன. நம் நாளிதழும் அப்படித்தான். படம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அங்கே நட்சத்திரம் பிறக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

2022 அக்டோபரில் வந்த 'படைப்பின் தூண்கள்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், விண்வெளியில் தூண் தூணாக நிற்கும் வாயுவும் தூசியும்தான் அவை. 1995-ல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்தபோது அந்தத் தூண்கள் உள்ளே எதையும் காட்டாமல் இருண்டு நின்றன, ஏனென்றால் நாம் பார்க்கிற சாதாரண ஒளியைத் தூசி மறித்துவிடும். வெப் பிடிப்பது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, அது தூசியைத் தாண்டி ஓரளவு வந்துவிடும் என்பதால் வெப் படத்தில் தூண்களின் ஓரங்களில் சிவப்பாக ஏதோ கொதிப்பது தெரிகிறது. இன்னும் உருவாகி முடியாத நட்சத்திரங்கள் பீய்ச்சி அடிக்கும் வாயு, சுற்றியுள்ள ஹைட்ரஜனில் மோதி ஒளிர்வதுதான் அது. அந்தச் சிவப்புகூட நம் கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு இல்லை. நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று விஞ்ஞானிகள் கொடுத்த நிறம். இதை ஒரு வரி போட்டிருக்கலாமே!

என்னை இன்னும் அதிகமாக வியக்க வைப்பது ரேடியோ அலைகளை வைத்துச் செய்யும் வேலை. நட்சத்திரமாகப் போகும் மேகம் மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் குளிரில் கிடக்கிறது. அதில் பெரும்பங்கு ஹைட்ரஜன் மூலக்கூறுதான், ஆனால் அவ்வளவு குளிரில் அதிலிருந்து ஏறக்குறைய எந்தச் சமிக்ஞையும் வராது. கூடவே கொஞ்சூண்டு இருக்கும் கார்பன் மோனாக்சைடுதான் காட்டிக்கொடுக்கிறது, அது 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலையை வெளியிடும். 1970-ல் ஓரியன் நெபுலா என்ற வாயு, தூசி மேகத்தில்தான் இதை முதலில் பிடித்தார்கள். அந்த அலைநீளம் துளி கூடியிருந்தால் வாயு நம்மை விட்டு விலகுகிறது, துளி குறைந்திருந்தால் நெருங்கி வருகிறது. இப்படியே மேகம் முழுக்க அளந்து, வாயு எங்கே திரள்கிறது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள்.

சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் உருவாகி நிலைபெறச் சில கோடி ஆண்டுகள் ஆகும், அதை யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால் வெவ்வேறு வயதில் இருக்கிற பல நட்சத்திரங்களைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். சிலியில் 5,000 மீட்டர் உயரத்தில், 66 ஆண்டெனாக்களோடு இருக்கும் ஆல்மா ரேடியோ தொலைநோக்கி 2014-ல் எடுத்த எச்.எல். டாவ் என்ற நட்சத்திரத்தின் படம் அந்த வரிசையில் முக்கியமானது. சுமார் பத்து லட்சம் வயதே ஆன நட்சத்திரம், அதைச் சுற்றி வாயுவும் தூசியுமான ஒரு தட்டு, தட்டில் வட்ட வட்டமாக இடைவெளிகள். அதற்குள்ளாகவே கோள்கள் உருவாகத் தொடங்கிவிட்டனவா என்ற கேள்வியை அது எழுப்பியது.

இதையெல்லாம் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுத வையுங்கள். மார்கழியில் வந்தால் இன்னும் நல்லது, திருவாதிரை இருக்கும் அதே ஓரியன் மண்டலம் அப்போது இரவு முழுக்க வானில் இருக்கும். மூன்று நட்சத்திரப் பட்டைக்குப் பக்கத்தில் ஓரியன் நெபுலா சாதாரண பைனாகுலரிலேயே மங்கலாகத் தெரியும். எங்கே, எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரைபடமும் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்