விமானப்படைத் தளபதி பெஞ்சமின் டேவிஸின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
மாலைநேர வகுப்பு ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள்,
வியாசர்பாடி,
சென்னை – 600 039.

பெறுநர்:
உயர்திரு. மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம்,
கல்லூரிச் சாலை, சென்னை – 600 006.

பொருள்: அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பின ஜெனரல் பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியரின் வாழ்க்கை வரலாற்றை மாணவர்களுக்கான தமிழ் நூலாக வெளியிட்டு, வடசென்னைக் கிளை நூலகங்களுக்கு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். வியாசர்பாடியில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறோம். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, பைலட் ஆவது எப்படி என்ற கேள்வி வகுப்பில் அடிக்கடி எழுகிறது. என்ன தேர்வு, எத்தனை வயது, எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் சொல்லிவிடலாம். ஆனால், "நம்ம ஏரியா பசங்கள எடுப்பாங்களா சார்?" என்று கேட்கும் பையனுக்கு விதிமுறையைப் படித்துக் காட்டினால் போதாது. இங்கே படித்து முடித்த அண்ணன்கள் வேலைக்குப் போய் வியாசர்பாடி என்று முகவரி சொன்னதும், "அப்புறம் கூப்பிடுறோம்" என்று அனுப்பப்பட்டதை அவன் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன். அவனுக்காகத்தான் டேவிஸின் வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பில் சொல்ல ஆரம்பித்தோம்.

டேவிஸ் 1912 டிசம்பர் 18 அன்று வாஷிங்டனில் பிறந்தவர். அப்பாவும் ராணுவ அதிகாரிதான். 1926-ல், 13 வயதில், வித்தை காட்டும் விமானி ஒருவருடன் பறந்து பார்த்த நாளிலிருந்து அவருக்கு விமானி ஆகும் ஆசை. 1932-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வெள்ளைக்கார மாணவர்கள் அவரை விரட்டக் கண்டுபிடித்த வழி, அவரோடு பேசாமலே இருப்பது. பணி நிமித்தம் தவிர ஒரு சொல் கிடையாது. அறையிலும் அவரோடு யாரும் தங்கவில்லை. இதைச் சொல்லும்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சாப்பிடும்போதுமா?" என்று கேட்டாள். ஆமாம், சாப்பிடும்போதும்தான். அப்படியே நான்கு வருடம். 1936-ல் 276 பேரில் 35-ஆவது இடம் பிடித்துப் பட்டம் பெற்று வெளியே வந்தார். அப்போது அமெரிக்க ராணுவத்தில், மதகுருமார் நீங்கலாக, கறுப்பின அதிகாரிகள் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் டேவிஸ், இன்னொருவர் அவருடைய அப்பா.

இவ்வளவு படித்தும் விமானப் பயிற்சிக்குப் போட்ட மனு திரும்பி வந்தது. கறுப்பினத்தவருக்கென விமானப் பிரிவே இல்லை, எனவே இடமில்லை என்றார்கள். பிறகு அரசியல் நெருக்கடியில் அரசு இறங்கி வந்து, 1941-ல் அலபாமாவின் டஸ்கீகியில் பயிற்சி தொடங்கியது. முதல் அணியில் சேர்ந்த 13 பேரில் 1942 மார்ச்சில் தேறியவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவரான டேவிஸ், 99-ஆவது விமானப் படைப்பிரிவை இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கு நடத்திச் சென்றார்.

எங்கள் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நாங்கள் நினைப்பது அடுத்து நடந்ததைத்தான். 1943-ல் மேலதிகாரிகள் சிலர், இந்தப் பிரிவுக்குத் துணிவும் திறமையும் போதாது, போர்முனையிலிருந்து எடுத்துவிடலாம் என்று அறிக்கை அனுப்பினார்கள். டேவிஸ் வாஷிங்டனில் விசாரணைக் குழு முன் நின்று பதில் சொன்னார். பழகிய வழிகாட்டிகள் யாரும் இல்லாமல் போருக்கு அனுப்பப்பட்டவர்கள், இழப்பை ஈடுகட்ட மாற்று ஆட்கள் வராமல் பறந்தவர்கள் தம் விமானிகள் என்பதை நிதானமாக எடுத்து வைத்தார். படைத்துறை நடத்திய ஆய்விலும், அந்தப் பிரிவு மற்ற பிரிவுகளுக்கு இணையாகவே பணியாற்றியது தெரிந்தது. 1944 ஜனவரி 27, 28 தேதிகளில், இத்தாலியின் ஆன்ஸியோ கடற்கரைக்கு மேலே, அதே பிரிவினர் 12 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார்கள். பேர் கெட்டுப்போன ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு, குற்றச்சாட்டுக்குக் கணக்கோடு பதில் சொன்ன இந்த மனிதரைத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு 332-ஆவது போர் விமானக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். வால் பகுதியில் சிவப்புப் பூசிய அவர்களுடைய விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறந்தன. அவர்கள் காவலில் சென்ற ஒன்றுகூட வீழ்த்தப்படவில்லை என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். ஆவணங்களைப் புரட்டியபோது அது சரியில்லை, 20-க்கும் மேற்பட்டவை வீழ்ந்தன, ஆனால் மற்ற குழுக்களின் சராசரியைவிட அது மிகக் குறைவு என்று தெரிந்தது. நூல் வெளிவந்தால் இந்த உண்மைக் கணக்கே இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை டேவிஸுக்கு இல்லை.

1948-ல் அதிபர் ட்ரூமன் படைகளில் நிறப் பாகுபாட்டை நீக்க ஆணையிட்டபோது, விமானப்படையில் அதைச் செயல்படுத்தும் திட்டத்தைத் தயாரிப்பதில் டேவிஸின் கை இருந்தது. கொரியாவில் ஜெட் விமானப் பிரிவுக்குத் தலைமை, 1954-ல் பிரிகேடியர் ஜெனரல், 1965-ல் லெப்டினன்ட் ஜெனரல், 1970-ல் ஓய்வு. 1998-ல் அதிபர் கிளின்டன், முழு ஜெனரல் பதவியைக் குறிக்கும் நான்காவது நட்சத்திரத்தை வழங்கினார். 2002 ஜூலை 4 அன்று காலமானார். நான்கு வருடம் அவரோடு யாரும் பேசாத அதே வெஸ்ட் பாயின்டில் இன்று ஒரு மாணவர் விடுதிக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவர் தம் வரலாற்றைத் தாமே எழுதி 1991-ல் வெளியிட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் அதை எங்கள் பிள்ளைகளால் படிக்க முடியாது. தமிழில் நூலாக எதுவும் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. கோட்டைக்குள் வெள்ளையரும் வெளியே 'கறுப்பர் பட்டணத்தில்' நம்மவருமாகப் பிரித்து வைக்கப்பட்ட ஊர் இந்த வடசென்னை. 1911 வரை ஜார்ஜ் டவுனுக்கு அதுதான் பெயர். டேவிஸ் பட்டதை இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கப் புத்தகம் மட்டும் வேண்டும்.

எனவே தங்கள் கழகம், முறையான அனுமதி பெற்று அவருடைய தன்வரலாற்றின் சுருக்கத்தையோ, தகுந்த எழுத்தாளரைக் கொண்டு புதிதாக ஒரு வரலாற்றையோ, எட்டாம் வகுப்பு மாணவர் தாமே படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் வெளியிட வேண்டுகிறோம். வரைபடங்களும் புகைப்படங்களும் இருந்தால் நல்லது. விலை மாணவர் வாங்கும் அளவில் இருக்கட்டும். நூலின் கடைசியில் நம் நாட்டு விமானப்படையில் சேருவதற்கான தேர்வுகள், வயது, கல்வித் தகுதி ஆகியவற்றை ஓரிரு பக்கங்களில் தந்தால், படித்த கையோடு பிள்ளைகள் அடுத்த வேலையைத் தொடங்கிவிடுவார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, தண்டையார்பேட்டை பகுதிகளின் கிளை நூலகங்களுக்கும் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பிரதிகள் கிடைக்கப் பொது நூலகத் துறையுடன் பேசி ஆவன செய்யவும் கேட்டுக்கொள்கிறோம்.

கைப்பிரதி தயாரானதும் எங்கள் மாணவர்களிடம் கொடுத்தால், புரியாத இடங்களைக் குறித்துத் தருவார்கள். அந்த வேலையை மகிழ்ச்சியோடு செய்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாலைநேர வகுப்பு ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள்,
வியாசர்பாடி, சென்னை.