காய்ந்த கிலுகிலுப்பை

அன்புள்ள மாப்ள,

நாலு மாசமா பதில் போடலை, கோபப்படாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. இப்போ எல்லாம் சரி. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு.

போன ஞாயிறு சிறுமலை அடிவாரம் போனேன். ஓடையோரம் பட்டுப்போன கிலுகிலுப்பைச் செடியில் இருபது முப்பது காமன் குரோ பட்டாம்பூச்சி, அப்பிக்கிட்டு இருந்தது. நான் பார்த்த வரைக்கும் எல்லாமே ஆண். உறிஞ்சுகுழலால் காய்ந்த தண்டை நனைச்சு, அந்த ஈரத்தையே திரும்ப உறிஞ்சுதுடா! ஒன்றை மெல்லப் பிடிச்சேன். வயிற்று நுனியிலிருந்து மஞ்சள் தூரிகை ரெண்டு குப்புன்னு விரிஞ்சுது, சாமந்தி மாதிரி. அந்தச் செடியின் கசப்பிலிருந்துதான் தூரிகையின் வாசனையே தயாராகுது. பெண் அதை உணர்ந்துதான் ஆணுக்கு இசையும்.

ஆணுக்கு மட்டும் முன்சிறகில் ஒற்றைக் கோடு. கோடே இல்லாததைப் பிடிச்சு நீ புது இனம்னு நோட்டில் எழுத, லேப் அண்ணன் "தம்பி, அது பொம்பளை"ன்னாரே! ஆனா உன்னை மட்டும் சொல்லக் கூடாது. ரெட்டைக் கோடு இருந்தா அது டபுள் பிராண்டட் குரோ, அது வேற இனம், அந்த அளவுக்குக் கோடு உதவும். ஆனா 1880களில் பூச்சி ஆய்வாளர் ஃபிரெடெரிக் மூர் இந்த ஆண் அடையாளங்களை நம்பி குரோக்களைப் பல பேரினங்களாகவே பிரிச்சுட்டார். பின்னாடி வந்தவங்க எல்லாத்தையும் யூப்ளியாங்கிற ஒரே பேரினத்துக்குள்ளேயே சேர்த்துட்டாங்க. அதுதான் சரின்னு எனக்கும் படுது. பெண்ணின் தேர்வுக்கு ஆளாகிற உறுப்பு சீக்கிரம் மாறும், நெருங்கின சொந்தத்துக்குள்ளேயே வேறுபடும், சிலதில் தேய்ஞ்சும் போகும். மோனார்க் பட்டாம்பூச்சியைப் பாரேன், தூரிகை சுருங்கிப்போச்சு, ஆண் பெண்ணைப் பலவந்தமா தரையில் தள்ளித்தான் சேருது. நம்ம வெந்தய வரியனோ தூரிகையைப் பின்சிறகுப் பையில் விட்டுத் தேய்க்கணும், இல்லேன்னா அதன் முக்கிய வாசனை உருவாகவே உருவாகாது. பிரேசிலில் ஃபிரிட்ஸ் முல்லர் 1870களிலேயே பட்டாம்பூச்சிகளைப் பிடிச்சு முகர்ந்து பார்த்து எழுதினவர். நானும் முகர்ந்தேன்டா, லேசான ஒரு நெடி. கை நடுங்கிடுச்சு.

ஒண்ணுதான் மனசை அறுக்குது. ஓடையோரம் வெறும் களைன்னு அடுத்த வாரம் பொக்லைன் விடப்போறாங்களாம். பூவுக்காகச் செடி வைக்கிறவங்க உண்டு, புழு தின்னட்டும்னு வைக்கிறவங்களும் உண்டு. காய்ந்த செடியை யார் விட்டுவைப்பா? நேரில் போய்ப் பேசினேன், சிரிச்சுட்டு அனுப்பிட்டாங்க.

நெத்து ஒரு பை நிறையப் பறிச்சு வெச்சிருக்கேன். பொங்கலுக்குக் கொண்டுவரேன், உன் கிணத்தோரம் இடம் விட்டு வை. காய்ஞ்சதும் பிடுங்கிடாதே.

உன்,
மாப்ள