கணித வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, ஓர் அணியை அதனினும் குறைந்த தரமுடைய அணியால் தோராயப்படுத்துதல் என்னும் ஒரே பொருளை இவ்வாண்டு முழுவதும் பயின்றோம். அணி என்பது எண்களை நிரை, நிரல்களாக அடுக்கிய அட்டவணை; அதில் ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கையே அதன் தரம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

முதல் அமர்வுகள் சிங்குலர் மதிப்புப் பகுப்புக்குச் சென்றன. இப்பகுப்பின்படி எந்த அணியையும் தரம் 1 உடைய கூறுகளின் கூட்டலாக, ஒவ்வொரு கூறின் பங்களவைக் காட்டும் சிங்குலர் மதிப்புகளின் இறங்கு வரிசையில் எழுதலாம். அவற்றுள் முன்னிற்கும் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை நீக்கினால் கிடைப்பதைவிட மூல அணிக்கு நெருக்கமான அணி அந்தத் தரத்தில் வேறில்லை என்பதே எக்கார்ட்டும் யங்கும் 1936-இல் வெளியிட்ட தேற்றம். 1000 நிரைகளும் 1000 நிரல்களும் உள்ள அணியின் பத்து லட்சம் எண்களுக்குப் பதிலாக, தரம் 50 என்று கொண்டால், கூறு ஒன்றுக்கு 1000 + 1000 + 1 எண்கள் வீதம் 1,00,050 எண்களைச் சேமித்தால் போதும்.

நிறுவலைவிட ஒரு சிறு கணக்கே பலருக்குத் தெளிவு தந்தது. (2, 1), (1, 2) என்னும் நிரைகளாலான அணியின் சிங்குலர் மதிப்புகள் 3, 1. அதற்கு மிக நெருங்கிய தரம் 1 அணியில் நான்கு இடங்களிலும் 1.5 வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் பிழையின் அளவு 0.5, அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் கண்டால் 1, அதாவது நாம் நீக்கிய மதிப்பே. இதைக் கரும்பலகையில் கண்ட அமர்வை இவ்வாண்டின் சிறந்த அமர்வாகக் கருதுகிறேன்.

ஒரு பிழையையும் பதிவுசெய்ய வேண்டும். சில இடங்கள் தெரியாத அட்டவணை ஒன்றில், காலி இடங்களுக்குப் பூச்சியம் இட்டுப் பகுக்கலாம் என்று நான் தந்த குறிப்பு தவறானது. தெரியாததைப் பூச்சியம் என்று அறிந்ததாகவே அது கொள்வதால், விடை பூச்சியத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. தெரிந்த இடங்களில் மட்டும் பிழையை அளந்தால் மேற்கண்ட தேற்றம் பொருந்தாது. தேடும் அணியை இரு சிறிய அணிகளின் பெருக்கலாக எழுதி, ஒன்றை நிலைநிறுத்தி மற்றதை மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கக் கூட்டலை இயன்றவரை குறைத்து) மாறி மாறிக் காணலாம் என்றாலும், அவ்வழி மிகச் சிறந்த விடையில்தான் முடியும் என்ற உறுதி இல்லை. இதைச் சுட்டிக்காட்டிய இளைய உறுப்பினருக்கு வட்டத்தின் நன்றி உரியது.

சமமான சிங்குலர் மதிப்புகளுக்கிடையே வெட்டும்போது விடை ஒன்றுக்கு மேற்பட்டதாகலாம் என்பதையும், மூலைவிட்டத்தில் 1-உம் பிற இடங்களில் 0-உம் உள்ள அலகு அணியைக் கொண்டு கண்டோம்.

காலி இடங்களுள்ள அணிகளையே வரும் ஆண்டின் பொருளாக ஏற்குமாறு முன்மொழிந்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்