டயாலிசிஸ் வார்டு வாசலில் பேசிய அண்ணாவுக்கு

கோத்தகிரியில் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் இரண்டு நாள் மனைவியை டயாலிசிஸுக்காக மேட்டுப்பாளையம் கூட்டிப் போகணும், லீவெல்லாம் தீர்ந்துபோச்சு. வேலையை விடுவதா என்று வார்டு வாசல் பெஞ்சில் கலங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அண்ணா மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: "சொந்தமா சிறுதொழில் தொடங்கச் செய்யுற உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, புரோக்கர்கிட்ட போகாதீங்க தம்பி. வைத்தியத்துக்கு பிஎஃப் முன்பணம் கேளுங்க." எழுந்திரிக்கும்போது, "என் கடைக் கணக்கை நீங்களே பாருங்க" என்றார்.

இன்று வீட்டிலிருந்தே ஒன்பது கடைகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறேன். மாதாமாதம் தாக்கலுக்குக் கடைசி நாளான 11, 20 தேதிகளில்தான் நெருக்கடி. அன்றைக்கு வார்டு வாசலிலேயே லேப்டாப். மற்ற காலைகளில் அவளை வாசலில் வெயில் காய உட்கார வைத்து, கூடவே இருக்க முடிகிறது.

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. அந்தச் சீட்டு என் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. நன்றி அண்ணா.