நினைவாற்றல் சோதனையில் எதை அளக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகச் செல்லும்போதெல்லாம் தவறாமல் எதிர்ப்படுவது குறுகியகால நினைவாற்றல் சோதனை. தட்டில் இருபது பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் காட்டித் துணியால் மூடிவிட்டு, நினைவில் நின்றவற்றை எழுதச் சொல்கிறார்கள். பத்துப் பேரின் மதிப்பெண்ணை வைத்து, மாணவிகளே நினைவாற்றல் மிக்கவர்கள் என்று வண்ண அட்டையில் தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். (அட்டையின் அழகுக்காகவே பரிசு கொடுத்த குற்றம் எனக்கும் உண்டு.)

அண்மையில் இத்தகைய சோதனையில் பங்கேற்ற ஒரு சிறுமி, "சாவி, சீப்பு, பொத்தான்" என்று உதடசைய, விரல் மடக்கித் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் கிடைத்தால் யாரும் மனப்பாடம்தானே செய்வார்கள்? 1959இல் உளவியலாளர்களான பீட்டர்சன் தம்பதியர் இந்த வழியை அடைத்துப் பார்த்தனர். மூன்று மெய்யெழுத்துகளைச் சொன்ன கையோடு, ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் செய்தபோது, 18 விநாடிகளுக்குப் பின் பத்தில் ஒரு முறை அளவுக்கே விடை சரியாக வந்தது.

ஒரே நேரத்தில் நினைவில் நிற்பவை 'ஏழு, கூட்டியோ குறைத்தோ இரண்டு' என்று அட்டைகளில் தவறாமல் இடம்பெறும், உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956ஆம் ஆண்டுக் கணக்கும் தனி இலக்கங்களைப் பற்றியதன்று, பொருளுள்ள தொகுதிகளைப் பற்றியது. 19992024 என்பதில் எட்டு இலக்கங்கள் இருந்தாலும், அதை இரண்டு ஆண்டுகளாகப் பார்ப்பவருக்குச் சுமை இரண்டுதான். மற்றோர் உளவியலாளரான நெல்சன் கோவன் 2001இல் அந்தக் கணக்கையே ஏறத்தாழ நான்காகக் குறைத்துவிட்டார்.

மாணவர்கள் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, பட்டியலில் எத்தனையாவது சொல் நினைவில் நின்றது என்று குறித்துக்கொள்ளலாம். பதினைந்து சொற்களை ஒரே வேகத்தில், பதிவுசெய்த குரலில் கேட்கச் செய்து, பாதிப் பேரை உடனே எழுதவும், மீதிப் பேரை 30 விநாடிகள் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்த பின் எழுதவும் செய்தால், முதல் குழுவில் கடைசிச் சொற்கள் அதிகம் நினைவில் நிற்பதால் தெரியும் ஏற்றம் இரண்டாம் குழுவில் மறைவதை வரைபடத்திலேயே காணலாம். கிளான்சர், குனிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1966இல் கண்டது இதைத்தான். ஆண், பெண் ஒப்பீட்டைவிட இது எவ்வளவோ மேல்.

நடுவர்களும் அட்டையைப் பார்க்குமுன் அடித்தல் திருத்தல்களோடு உள்ள குறிப்பேட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அட்டையில் பங்கேற்றவர் பெயருக்கு எதிரே மதிப்பெண் எழுதும் வழக்கத்தையும் நிறுத்திவிடலாம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர் ஒருவர்